பவல் தெரு வண்டியில் ஓர் ஆள் இடம்

லியோனிலா அப்ரெனிக்கா வாயைத் திறந்தால் யூனியன் சதுக்கத்துப் புறாக்கள் எழுந்து பறக்கும். மிகைப்படுத்தவில்லை, கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன். நாலடி பத்தங்குல உயரம், அறுபத்தொரு வயது, வலது முழங்காலில் ஒரு பட்டை. தினமும் மதியம் இரண்டு நாற்பதுக்குப் போஸ்ட் தெரு முனையில், தோளில் ஒரு துணிப்பையோடு நிற்பார். மலை உச்சியில் இருக்கும் பெரிய ஹோட்டலில் அவருக்கு மூன்று மணிக்கு வேலை. நாங்கள் எல்லோரும் அவரை மானாங் என்றுதான் கூப்பிடுவோம். அவர் பிறந்த பக்கத்தில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்களாம்.

நான் அல்வின். பவல் தெரு கேபிள் வண்டியில் பதினோரு வருடமாகக் கண்டக்டர். முன்னால் நிற்பவன் சியோனே, சமோவாக்காரன், கை ஒவ்வொன்றும் என் தொடை பருமன். தெருவுக்கு அடியில் நாள் முழுக்க ஒரு கம்பிக்கயிறு ஓடிக்கொண்டே இருக்கும். சியோனே தன் இரும்புப் பிடியை இழுத்துக் கயிற்றைக் கவ்வினால் வண்டி மலையேறும், விட்டால் நிற்கும். நான் பின்மேடையில் பின்பிரேக்கோடு நிற்பேன். பின்னால் யாராவது பாதி ஏறித் தொங்குகிறார்களா என்று அவனுக்குத் தெரியாது. அதனால் நான் தலைக்கு மேலிருக்கும் மணிக்கயிற்றை இரண்டு தரம் இழுக்கிற வரை அவன் பிடியைத் தொடவே மாட்டான். முன்னால் எவ்வளவு பலம் இருந்தாலும் வண்டி கிளம்புவது என் விரலில்தான்.

மார்க்கெட் தெருவில் வண்டியைத் தள்ளித் திருப்பும் வட்டப்பலகை இருக்கிறதே, அங்கேதான் சுற்றிப்பார்க்க வந்த கூட்டம் வரிசையில் நிற்கும். ஜூலை மாதம், வெயில் காலம் என்று நம்பி அரைக்கால் சட்டையில் வந்து, மூடுபனியில் பல்லைக் கிடுகிடுத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நிற்பார்கள். ஒரு தடவைக்கு எட்டு டாலர். ஏறினதும் யாருக்கும் உட்கார வேண்டாம். எல்லோருக்கும் படியில் தொங்க வேண்டும். தொங்கினால் கையை நீட்ட வேண்டும், நீட்டினால் படம் எடுக்க வேண்டும். "இது நிஜமாவே ஓடுற வண்டியா?" என்று ஒருத்தர் கேட்டார். ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்கிறார்! நூற்றைம்பது வருடமாக இந்த ஊர்க்காரன் வேலைக்குப் போய்வருகிற வண்டி, ஐயா. எங்களுக்கும் வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது, நாங்கள் உங்கள் படத்துக்கு வைத்த பின்னணி இல்லை. இதைச் சொன்னால் என் மேல் புகார் எழுதுவார்கள், அதனால் சிரிப்பேன். பதினோரு வருடச் சிரிப்பில் தாடையே தேய்ந்துவிட்டது.

வண்டிக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. வட்டப்பலகையிலிருந்து கிளம்பும்போது வலப்பக்கப் படியில் முதல் கம்பியை விட்டுவைப்போம். அதற்கு மலைக்காரர் இடம் என்று பெயர். மேலே குடியிருக்கிறவர்கள், மேலே வேலை செய்கிறவர்கள் வழியில் கைகாட்டினால் அவர்களுக்கு அது. காலையில் ஒரு சீனச் சமையல்காரர், சாயங்காலம் ஒரு பல்வைத்தியரின் உதவியாளர். இரண்டு நாற்பது வண்டியில் அது மானாங்கின் இடம்.

பத்தொன்பது வருடமாக அவர் அந்தக் கம்பியைப் பிடித்துத்தான் மேலே போனார். சாயங்காலம் விருந்தாளிகள் சாப்பிடப் போன பிறகு அறைகளுக்குள் போய், திரையை மூடி, போர்வையின் ஒரு மூலையை மடித்துவிட்டு, தலையணை மேல் ஒரு சாக்லெட் வைத்துவிட்டு வருவது அவர் வேலை.

"போர்வையை மடிச்சு விடலேன்னா அவங்களுக்குப் படுக்கத் தெரியாதா, மானாங்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தெரியாதுடா. அதுக்கப்புறம் அந்தச் சாக்லெட் இல்லேன்னா தூக்கம் வேற வராது, பாவம். என் வீட்டுக்காரன் கட்டாந்தரையில குறட்டை விடுவான்."

அந்த வீட்டுக்காரர் பொனிஃபாசியோ, விமான நிலையத்தில் மூட்டை ஏற்றியவர். இரண்டு வருடம் முன்னால் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. "பேச்சு மொத்தமா போச்சு. கெட்ட வார்த்தை மட்டும் ஒண்ணுகூடப் போகலை," என்பார் மானாங். வீட்டுக்காரருடைய மருந்து, கை கால் பயிற்சி, வைத்தியர் எல்லாம் ஹோட்டல் மானாங்குக்குக் கொடுத்திருக்கும் காப்பீட்டில்தான். வேலை போனால் காப்பீடு போகும். காப்பீடு போனால் அந்த மனுஷனின் கை இருந்த இடத்திலேயே கிடக்கும். பார்த்துக்கொள்ளும் பெண் டேலி சிட்டி வீட்டுக்கு மதியம் ஒன்றரைக்குத்தான் வருவாள். அவள் வந்த பிறகுதான் மானாங் கிளம்ப முடியும். ரயிலில் வந்து, சமதரையில் இரண்டு மூன்று தெரு நொண்டி நடந்து, போஸ்ட் முனையில் எங்களைப் பிடிப்பார். அதற்கு மேல் மலை. அந்த நடைபாதையில் நல்ல காலுள்ளவனுக்கே மூச்சு வாங்கும்.

வண்டியில் வரும் வெளியூர்க்காரர்களை அவர் ஒருநாளும் சும்மா விட்டதில்லை. "ஏம்மா, முழங்கையை உள்ள இழு. அங்க ஒரு லாரி வருது பாரு. கை போச்சுன்னா ஹோட்டல்ல நான்தான் துடைக்கணும்." ஒருமுறை பச்சைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர் பாசமாகக் கேட்டார், "நீங்களும் சுத்திப் பாக்க வந்தீங்களா?"

"ஆமாங்க," என்றார் மானாங். "பத்தொம்பது வருஷமா சுத்திப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னும் முடிஞ்சபாடில்லை."

சியோனே சிரித்த சிரிப்பில் பிடியே நழுவியிருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டியில்தான் வெண்டல் ஹோக் வந்து ஏறினார். புது மேற்பார்வையாளர். எங்கிருந்தோ வந்தவர், கையில் தலை எண்ணும் ஒரு சின்னக் கருவி, எந்நேரமும் டிக் டிக் என்று. யாரோ ஒரு பயணி, வரிசையில் நூறு பேர் நிற்கும்போது வண்டி காலிக் கம்பியோடு போகிறது என்று படம் எடுத்துப் போட்டிருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு ஹோக் ஒரு உத்தரவு போட்டார்: வட்டப்பலகையில் வண்டி முழுதாக நிறைந்த பிறகுதான் கிளம்ப வேண்டும், ஒரு கம்பிகூடக் காலியாக இருக்கக் கூடாது.

"சார், அது மலைக்காரங்க இடம்," என்றேன்.

"அப்படி ஒரு இடம் புத்தகத்துல இருக்கா?"

"இல்ல சார். ஆனா..."

"இல்லல்ல? முடிஞ்சது."

சொன்னதோடு விடவில்லை. கூட்டம் அதிகமான வண்டி என்று, வட்டப்பலகையிலிருந்து இரண்டரைக்குக் கிளம்பும் எங்கள் வண்டியில், பின்மேடையில் என் தோளை இடித்துக்கொண்டு தானும் வந்து நின்றார், எண்ணுவதற்கு.

செவ்வாய்க்கிழமை. முதல் கம்பியில் ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு ஒரு நெட்டையன். போஸ்ட் முனையில் மானாங் கைகாட்டினார். சியோனே நிறுத்தினான், பழக்கம். மானாங் கம்பியைப் பார்த்தார், நெட்டையனைப் பார்த்தார், பிறகு பின்னால் என்னைப் பார்த்தார்.

"டேய் அல்வின், என்னடா இது?"

"வண்டி நிறைஞ்சு போச்சு," என்று ஹோக் எனக்கு முன்னால் பதில் சொன்னார். "அடிங்க, அல்வின்."

நான் அடித்தேன். இரண்டு தரம். வண்டி நகர்ந்தது. மானாங் ஏதோ கத்தினார், அவர் பாஷையில். நல்லவேளை எனக்குப் புரியவில்லை. அன்று மலையை நடந்து ஏறி, ஹோட்டலுக்கு ஐந்து நிமிடம் தாமதம்.

புதன்கிழமை, மறுபடி அதே முனை. இந்தத் தடவை அவர் கத்தவில்லை. அதுதான் என்னைக் கலக்கியது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, வண்டியோரம் வந்து, என் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்.

"அல்வின், கேளு. நேத்து லேட்டுன்னு எழுதிட்டாங்க. இன்னிக்கி இது ரெண்டாவது. ஹோட்டல் கைமாறுனதுலேருந்து புதுச் சட்டம், மாசத்துல மூணு லேட்டுன்னா வீட்டுக்குப் போன்னு. எனக்கு வேலை போனா போகட்டும், அந்த ஆளுக்கு மருந்து நின்னுபோகும்டா. ஒரு காலை வைக்க இடம் குடு. நான் என்ன உக்காரவா கேக்கறேன்?"

வண்டியில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. யாரும் அசையவில்லை, எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி. அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது, ஒன்றரை மணி நேரம் நின்று ஏறியவர்கள். ஒரு பெண்மணி மட்டும் பக்கத்தில் இருந்தவரிடம், "அடுத்த வண்டி வருமே," என்றாள். வரும், தாயே. அதுவும் உங்களைப் போன்றவர்களால் நிறைந்துதான் வரும்.

ஹோக் என் காதருகே, "அடிங்க," என்றார். நான் பேருந்துக்கு மாற்றுவார்கள் என்று பயந்தேன். என் பெயரில் ஒரு குறிப்பு எழுதிவிடுவார்கள் என்று பயந்தேன். பதினோரு வருடச் சேவை என்று என்னென்னவோ கணக்குப் போட்டது மனசு. இரண்டு தரம் அடித்தேன்.

அன்றைக்கு வண்டிக் கொட்டகையில் சியோனே என்னோடு பேசவில்லை. இரும்புப் பிடியைத் துடைத்துக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், "மச்சான், மணி அடிச்சா நான் இழுத்துத்தான் ஆகணும்," என்றான். "நீ அடிச்சே, நான் இழுத்தேன். பாவத்துல பாதி எனக்கும் சேர்த்து வாங்கிக் குடுத்துட்டே. நல்லா இரு." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் மேல் கத்தினேன், ஹோக் மேல் கத்தினேன், அந்த நெட்டையன் மேல், அவன் ஐஸ்கிரீம் மேல். கத்தி முடித்தபோது யார் மேல் கத்த வேண்டுமோ அவனை மட்டும் விட்டுவிட்டேன் என்று தெரிந்தது.

வியாழக்கிழமை மானாங்கின் ரயில் ஏதோ கோளாறில் தாமதம், எங்கள் வண்டியும் கூட்டத்தில் தாமதம். வண்டி போஸ்ட் முனைக்கு வந்தபோது இரண்டு நாற்பத்தாறு. அந்தக் காலோடு மலையேற இருபத்தைந்து நிமிடம் ஆகும். நடந்தால் முடிந்தது கதை. மானாங் நடுத்தெருவில், தண்டவாளத்துப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். சியோனே நிறுத்தினான்.

"டாக்சிக்காரன்கிட்ட கேட்டேன்," என்றார் மானாங், மூச்சு வாங்க. "அஞ்சு தெருவுக்கு வரமாட்டானாம், விமான நிலையம்னாத்தான் வருவானாம். போன்ல கூப்பிட்ட வண்டி பதினேழு நிமிஷங்குது. எனக்குப் பதினாலு நிமிஷந்தான் இருக்கு." பிறகு வண்டி முழுவதையும் பார்த்துக் குரலை உயர்த்தினார். புறாக்கள் எழுந்தன. "யாராச்சும் ஒருத்தர் இறங்குங்க! ஒரே ஒருத்தர்! ராத்திரி உங்க தலையணையில சாக்லெட் வைக்கிறவ கேக்கறேன்!"

எல்லோரும் காலணியைப் பார்த்தார்கள்.

"அடிங்க, அல்வின்," என்றார் ஹோக்.

என் கை கயிற்றில்தான் இருந்தது. அடிக்கவில்லை.

"அல்வின்?"

"சார், ஒரு ஆள் அதிகமா இருக்கு," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"இல்லை. நான் எண்ணினேன்." கருவியைக் காட்டினார். "சரியா இருக்கு."

"உங்களையும் சேர்த்து எண்ணினீங்களா?"

அவர் கருவியைத் திருப்பிப் பார்த்தார்.

"பிரேக் பிடிக்க நான் ஒருத்தன், கயிறு பிடிக்க அவன் ஒருத்தன். நீங்க பிரேக்கும் பிடிக்கலை, கயிறும் பிடிக்கலை, டிக்கெட்டும் எடுக்கலை. மூணு நாளா ஒரு ஆள் இடத்துல ஓசியில நின்னு, வண்டியில இடம் இல்லைன்னு எழுதிக்கிட்டு வர்றீங்க. நீங்க நிக்கிற இடம்தான் சார் அந்தம்மா இடம். இறங்குங்க."

"என்ன பேசறோம்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா?"

"தெரிஞ்சுதான். ரெண்டு நாள் தெரியாத மாதிரி இருந்தேன்."

அவர் முன்பக்கம் திரும்பி, "கிளப்புங்க!" என்று சியோனேயைப் பார்த்துக் கத்தினார். சியோனே பிடியிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மார்பில் கட்டிக்கொண்டான்.

"மணி வரலியே சார். மணி வராம கிளப்பினா விதிமீறல். புத்தகத்துல இருக்கு."

ஹோக் என் தலைக்கு மேல் கையை நீட்டிக் கயிற்றை எட்டப் பார்த்தார். "இழுங்க சார், தாராளமா," என்றேன். "ஆனா யார் மணி அடிக்கிறாங்களோ அவங்கதான் இந்தப் பிரேக்கையும் பிடிக்கணும். மேல போகப் போகச் செங்குத்து. பிடிக்கத் தெரியுமா?" கை பாதியில் நின்றது.

பின்னால் அடுத்த கேபிள் வண்டி வந்து நின்று, மணியை உடைத்துவிடுகிற மாதிரி அடித்தது. அதற்குப் பின்னால் கார்கள் ஹாரன். இரண்டு நாற்பத்தொன்பது. எங்கள் பயணிகளுக்குப் பொறுமை போய்விட்டது. கொஞ்சம் முன்னால் ஒரு வயதான பெண்ணுக்காக இம்மியும் அசையாத கூட்டம், வண்டி நின்றுபோனதும் பொங்கியது பாருங்கள்! "என்ன ஆச்சு? ஏன் நிக்குது?" என்று ஒருத்தர். "பின்னால கருவியோட நிக்கிறவர் இறங்கினா கிளம்புமாம்," என்று இன்னொருத்தர். "அப்போ இறங்கித் தொலைய வேண்டியதுதானே!" படியில் தொங்கிய நாலு பேர் தாளம் போட ஆரம்பித்தார்கள், "இறங்கு, இறங்கு!" கொஞ்ச நேரத்தில் முழு வண்டியும். நியாயத்துக்காக இல்லை. அவர்களுக்கு மேலே போய்க் கடலைப் படம் எடுக்க வேண்டும். எதற்காகவோ, கத்தினார்கள்.

ஹோக் இறங்கினார். இறங்கும்போது கருவியை ஒருமுறை அழுத்தினார், அது பழக்கம் போலிருக்கிறது. "இதோட விடமாட்டேன்," என்றார். விடவில்லைதான். அன்று இரவே என் பெயருக்குக் கடிதம் வந்தது, அதை வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

மானாங்குக்குக் கைகொடுத்தேன். அவர் என் கையைப் பிடிக்கவில்லை. கம்பியைப் பிடித்து, இடது காலை வைத்து, வலது காலை இரண்டு கையாலும் தூக்கி வைத்துப் பின்மேடையில் ஏறினார். மணியை இரண்டு தரம் அடித்தேன். சியோனே இழுத்தான், அப்படி ஒரு இழுப்பு. சட்டர் தெரு, புஷ், பைன். நடுவில் ஒருவருக்கும் நிறுத்தவில்லை. ஹோக் நின்ற அந்தச் சதுரத்தில், என் தோளுக்குக் கீழே, மானாங் ஒரு வார்த்தை பேசாமல் வந்தார். என் பதினோரு வருடத்தில் அவர் பேசாமல் வந்த ஒரே பயணம் அதுதான்.

கலிபோர்னியா தெரு முனையில் நின்றபோது இரண்டு ஐம்பத்தைந்து. ஹோட்டல் வாசல் கண்ணுக்கெதிரே. போய்விடுவார், மூன்றாவது தாமதம் விழாது, பொனிஃபாசியோவுக்கு மருந்து வரும். எனக்கு நெஞ்சு நிறைந்து போனது. ஏதாவது சொல்வார், முதுகில் ஒரு தட்டாவது தட்டுவார் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

கீழே இறங்கி, பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் கோபம் அப்படியே இருந்தது, ஒரு சொட்டுகூடக் குறையவில்லை.

"ஏண்டா அல்வின். நேத்தும் முந்தாநாளும் உன் கையில இதே கயிறுதானே இருந்துது?"

திரும்பி நடந்தார்.

வண்டி கைதட்டியது. முழு வண்டியும். ஒரு பையோடு தொங்கிய ஆள் உள்ளே எட்டி என் கையைக் குலுக்க வந்தார். "சூப்பர்ங்க! நீங்கதான் ஹீரோ! சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

"கையை உள்ள வைய்யா!" என்று கத்தினேன். அவர் பயந்துபோய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஹோட்டல் வாசலில் மானாங் படியேறுவதைப் பார்த்தேன், ஒரு படிக்கு இரண்டு கால் வைத்து. அவர் கதவுக்குள் போகிற வரை நான் மணி அடிக்கவில்லை.